இலை இல்லாத பந்தி

சிட்னியின் மெரிலேண்ட்சில் நான் வாடிக்கையாகப் போகும் கடைக்காரர், முதலில் ஒன்றைத் தின்னக் கொடுக்காமல் எதையும் எடை போடமாட்டார். ஆலிவ் காய் கால் கிலோ வேண்டும் என்றால், பச்சையில் ஒன்று, கறுப்பில் ஒன்று, மிளகாய் தடவியதில் ஒன்று என்று கரண்டியில் எடுத்து நம் பக்கம் நீட்டுவார். நாம் மென்று முடித்து முகத்தில் ஏதாவது காட்டும்வரை தராசுப் பக்கம் திரும்பமாட்டார். சிட்னிக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய சங்கடமாக இருந்தது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக் கடையில் பொட்டுக்கடலை இரண்டை எடுத்து வாயில் போட்டாலே, "வாங்க வந்தியா, மேய வந்தியா?" என்று கேட்பார்கள். இப்போது பழகிவிட்டது. கொட்டையை எங்கே துப்புவது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் அம்மாவையும் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் வழக்கம்போல் கரண்டியை நீட்டினார். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு, "வேணாங்கய்யா, காசு குடுக்கிறவ இவதான்" என்று தமிழில் சொல்லி என்னைக் கைகாட்டினாள். அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, உள்ளே போய் வேறொரு ஜாடியிலிருந்து இன்னும் உயர்ந்த சரக்கைக் கொண்டுவந்தார். அம்மா அதற்கும் தலையாட்டவில்லை. பேரீச்சம்பழம் வந்தது. பாலாடைக்கட்டி வந்தது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து, "உன் அம்மாவைத் திருப்திப்படுத்துவது கஷ்டம். நல்லது. சாப்பாடு தெரிந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். "அவரு கெடக்காரு, நீ சீக்கிரம் வாங்கு" என்றாள் அம்மா. ஆனாலும் வெளியே வந்த பிறகு இரண்டு தடவை கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலை என் வீட்டில் விருந்து. நார்த்மீட்டில் ஒரு சிறிய அடுக்குமாடி யூனிட்டில் குடியிருக்கிறேன். மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே என்னோடு வேலை பார்க்கும் மூன்று பேரை அழைத்திருந்தேன். ரீமா லெபனானிலிருந்து சிறுமியாக வந்தவள். ஹெலன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், எங்கள் மூவருக்கும் மூத்தவர், எதையும் நேராகக் கேட்பவர். தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பெண். மூன்று பேரும் என்னை 'மேரி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாரியம்மாள் என்ற பெயர் முதல் வாரத்திலேயே மேரியாகிவிட்டது. தர்ஷினிக்கு மட்டும் உண்மைப் பெயர் தெரியும், ஆனாலும் கூட்டத்தோடு கூட்டமாக அவளும் மேரிதான்.

என்ன சமைப்பது என்று ஒரு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்த என்னை ரீமாதான் தேற்றியிருந்தாள். "சமைக்காதே. மெஸே வை. வாங்கு, திற, மேசையில் வை. அவ்வளவுதான்" என்றாள். மெஸே என்பது ஒரு பதார்த்தத்தின் பெயரில்லை. சின்னச் சின்னக் கிண்ணங்களில் பத்துப் பன்னிரண்டு வகைகளை மேசை நிறையப் பரப்பி வைத்து, நடுவில் ரொட்டியைப் போட்டுவிட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிய்த்து முக்கிச் சாப்பிட்டுக்கொண்டே பேசுவது. அன்று என் மேசையில் ஆலிவ், தயிரை வடிகட்டிக் கட்டியாக்கிய லப்னே, சுட்ட கத்தரிக்காய் மசியல், பொடியாக நறுக்கிய பார்ஸ்லிக் கீரையில் எலுமிச்சை பிழிந்த தபூலே, பீட்ரூட் சாயத்தில் ரோஜா நிறமாக ஊறிய டர்னிப் ஊறுகாய், வெள்ளரிக்காய், திராட்சை எல்லாம் இருந்தன. ஹம்முஸை மட்டும் வாங்க வேண்டாம் என்று ரீமா தடுத்துவிட்டாள். கடை ஹம்முஸை விருந்தாளிக்கு வைப்பது அவள் வீட்டில் பாவமாம். தானே செய்து கொண்டுவருவதாகச் சொன்னாள்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. நான் டப்பாக்களைத் திறந்து கிண்ணங்களில் நிரப்புவதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, அடுப்பே பத்தவைக்காம விருந்தா?"

"இது இப்படித்தாம்மா."

"இழவு வீட்லதான்டி அடுப்பு எரியாது. ஒரு சாம்பாராச்சும் வைக்கிறேன்."

"சாம்பார்ல ரொட்டிய முக்குவாங்களா?"

"முக்கட்டுமே. பஞ்சு மாதிரி ஊறும்."

சாம்பாரைத் தடுத்தேன். அவளைச் சமாதானப்படுத்த, ரொட்டிகளைத் தோசைக்கல்லில் வாட்டும் வேலையைக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் சப்பாத்திபோல உப்ப வைத்து எடுத்து, துணியில் சுற்றி, "இதுல என்னத்த சமைச்சேன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்று முனகிக்கொண்டேயிருந்தாள்.

நான் வேலை மெனக்கெட்டு இந்த விருந்தை வைத்ததற்கு ஒரே காரணம்தான். அம்மா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த வியாழக்கிழமை திரும்பிப் போவதாக இருந்தாள். அப்பா ஊரில் ஆடுகளோடு தனியாக இருந்தார், விசாவும் முடிய இருந்தது. அந்த மூன்று மாதத்தில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை. விருந்தாளி வந்ததும் அடுக்களைக்குள் போய்விடுவாள். எல்லோரும் போன பிறகு, தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். "பசிக்கல", "இங்கிலீசு தெரியாது", "நீங்க பேசுங்க" என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. என் சம்பளத்தில் வாங்கிய மேசையில், என் சிநேகிதிகளுக்கு நடுவில், என் அம்மா உட்கார்ந்து சாப்பிடுவதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அது நடக்காமல் அவளை விமானம் ஏற்றக்கூடாது என்று எனக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. மெஸேயில் பரிமாற எதுவும் கிடையாது, அதனால் அவளுக்கு நிற்பதற்கு ஒரு காரணமும் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, கேட்காதவர்களிடமும் சொல்வேன். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஹெலன் ஒருமுறை, "அப்படியென்றால் உன்னை யார் படிக்க வைத்தது?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். "அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்றார். நான் ஒரு கணமும் யோசிக்காமல், "கேட்டரிங்" என்றேன். முழுப் பொய்யில்லை. ஆனால் கேட்டரிங் என்றதும் அவர்கள் மனதில் என்ன படம் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் படத்தை நான் திருத்தவில்லை. அம்மாவின் விசா விண்ணப்பத்தில் தொழில் என்ற கட்டத்திலும் இல்லத்தரசி என்றே நிரப்பினேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கவேயில்லை.

என் அம்மா கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பவள். சாப்பிட்டு எழுந்தவர்களின் எச்சில் இலைகளை மடக்கிக் கூடையில் தள்ளி, மேசையைத் துடைத்து, அடுத்த பந்திக்கு இடம் பண்ணுகிற வேலை. முகூர்த்த நாட்களில் ஒரு காலைக்குள் ஆயிரம் இலை போகும். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் இடம் பிடித்து நின்றுகொண்டிருப்பார்கள். அதனால் யாருடைய கை எப்போது ஓயும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். மோர்ச் சோற்றை வழித்த கை ஒரு கணம் இலைமேல் அப்படியே நின்றால் போதும், அம்மா அங்கே இருப்பாள். இன்னொன்றும் உண்டு. இலை எடுப்பவர்கள் சாப்பாட்டு வாளியைத் தொடக்கூடாது. சமையல்கட்டுக்குள் போகக்கூடாது. கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு, அவர்களுக்கான சோறு பின்வாசலுக்கு வரும்.

மாலை ஆறு மணிக்கு மூவரும் வந்தார்கள். வெயில் இன்னும் பால்கனியில் அடித்துக்கொண்டிருந்தது. ரீமா ஒரு பெரிய மண்கிண்ணம் நிறைய ஹம்முஸைக் கொண்டுவந்திருந்தாள். கொண்டைக்கடலையை வேகவைத்து, எள் விழுதும் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து வெண்ணெய்போல அரைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றியிருந்தாள். அம்மா எட்டிப் பார்த்து என் காதில், "சுண்டலத்தான் அரைச்சிருக்கா" என்றாள். என் நாற்காலியைக் காட்டி அம்மாவையும் உட்காரச் சொன்னேன். "ரொட்டி ஆறிரும், நீங்க ஆரம்பிங்க" என்று அடுக்களை மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். திறந்த அடுக்களைதான். அங்கிருந்து மேசை முழுவதும் தெரியும்.

அரை மணி நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ரீமா ரொட்டியைப் பிய்த்து ஹம்முஸில் முக்கிக் கடித்தாள். கடித்த துண்டையே மறுபடி முக்கினாள். ஹெலனும் அப்படியே செய்தார். பிறகு தர்ஷினி பரிசோதனைக் கூடத்தில் நடந்த ஏதோ ஒரு கூத்தைச் சொல்லத் தொடங்க, மற்ற இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மேசைமேல் கைகள் ஓய்ந்து கிடந்தன.

அம்மா வந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹம்முஸ் கிண்ணத்தை இடது கையிலும் லப்னேயை வலது கையிலும் எடுத்தாள். அடுக்களைக்குப் போய், குப்பைப் பையில் இரண்டையும் ஒரே வழிப்பில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, ஹெலனுக்கு முன்னால் கிடந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் ஒரே இழுப்பில் கூட்டி எடுத்தாள். மூன்று மாதத்தில் இவ்வளவு வேகமாக அவள் நடந்து நான் பார்க்கவில்லை.

ஹெலன் முதலில் சுதாரித்துக்கொண்டு எழுந்து, கைப்பையைத் தேடினார். "தேங்க் யூ, மேரி. லவ்லி ஈவினிங்" என்றார். விருந்து முடிந்துவிட்டது, கிளம்பச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். ரீமாவின் கண் அடுக்களையில் காலியாக இருந்த தன் மண்கிண்ணத்தின்மேல் இருந்தது. "அவருக்குப் பிடிக்கவில்லை. பரவாயில்லை" என்றாள். பரவாயில்லை என்று முகம் சொல்லவில்லை.

"அன்ரி, ஏன் எடுத்தனீங்கள்? நாங்கள் இன்னும் முடிக்கேல்ல" என்றாள் தர்ஷினி.

அம்மா திகைத்து நின்றாள். "எச்சி ஆயிருச்சேம்மா. கடிச்சதையே திரும்ப முக்கிட்டாங்க. கையும் ஓஞ்சுபோச்சு, அதான்... வேற கிண்ணத்துல புதுசா வச்சுத் தரலாம்னு…" குரல் தேய்ந்தது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணுக்குகளை எங்கே போடுவதென்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"மேரி, நாங்கள் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டோமா?" என்றார் ஹெலன்.

என் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சில நேரம் குழம்பிவிடுகிறாள், மன்னித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு எளிது! எல்லோரும் ஐயோ பாவம் என்பார்கள், விருந்து தொடரும். "என் அம்மாவுக்கு…" என்று தொடங்கியும்விட்டேன்.

அப்போது எனக்கு ஒரு கல்யாணம் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் என்னோடு படித்தவளுடைய அக்காவின் கல்யாணம். வகுப்புப் பெண்கள் எல்லோரும் வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். அன்று அந்த மண்டபத்தில் அம்மாவுக்கு வேலை என்பது எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது, கூடையோடு வரிசையின் அந்த முனையிலிருந்து அம்மா வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு என் பக்கத்தில் இருந்தவளின் இலையை எடுத்தது போலவே என் இலையையும் எடுத்து, மடக்கி, கூடையில் போட்டு, அடுத்த இலைக்கு நகர்ந்தாள். நான் கை கழுவப் போனேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மாலையில் வீட்டில், "கல்யாணச் சாப்பாடு எப்படிடி இருந்துச்சு?" என்று, அங்கே இல்லாதவளைப் போலக் கேட்டாள். நானும், நல்லா இருந்துச்சு என்று, அவளைப் பார்க்காதவளைப் போலச் சொன்னேன். எனக்காக அவள் என்னைத் தெரியாதவளானாள். நானோ எனக்காகவே அவளைத் தெரியாதவளானேன். இப்போது இந்த மேசையிலும் அதையே செய்யத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

"என் அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இல்லை" என்றேன். "கேட்டரிங் என்று நான் உங்களிடம் சொன்னது சரியில்லை. கல்யாணங்களில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த இலைகளை எடுப்பதுதான் அவள் வேலை. முப்பது வருடமாகச் செய்கிறாள். அதில்தான் நான் படித்தேன். கை ஓய்ந்தால் சாப்பிட்டு முடித்தாயிற்று என்று அர்த்தம். ஒருவர் கடித்தது பட்ட உணவை இன்னொருவருக்கு வைப்பது அவமரியாதை. உங்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்றுதான் எடுத்தாள்." எச்சில் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். தர்ஷினி அதையெல்லாம் அம்மாவுக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் என்று தெரிந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள்.

யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஹெலன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு தடவைக்கு எத்தனை பேர் சாப்பிடுவார்கள்?" என்று கேட்டார்.

"எரநூறு" என்றாள் அம்மா, தர்ஷினி கேட்டுச் சொன்னதும். "பத்து நிமிசத்துல எடுத்துத் தொடைச்சிருவோம். நாலு பேரு."

"நான்கு பேர்! எங்கள் கூடத்தில் பதினொரு பேர் இருக்கிறோம், ஒரு மேசையைத் துடைக்க ஆளில்லை" என்றார் ஹெலன். தர்ஷினி இதையும் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவ எலையவும் எடுத்திருக்கேன். ஜாங்கிரியக் கடிச்சுட்டு மீதிய வச்சுட்டு எந்திரிச்சுட்டா, பாவி. அவ்வளவு நல்ல ஜாங்கிரி" என்றாள். இத்தனை வருடத்தில் அதைப்பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ரீமா எழுந்து அடுக்களைக்குப் போனாள். மண்கிண்ணத்தில் வழித்தது போக ஓரத்தில் ஒட்டியிருந்த ஹம்முஸைக் கரண்டியால் கூட்டி, நடுவில் ஒரு சின்னக் குவியலாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். "கடித்த ரொட்டியைத் திரும்ப முக்காவிட்டால், எங்கள் வீட்டில், யார்மேல் கோபம் என்று கேட்பார்கள். இதைச் சொல்" என்றாள். தர்ஷினி சொன்னாள். நான் அம்மாவின் தோளைப் பிடித்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்தாள், ஆனால் கையை மடியைவிட்டு எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு கேட்டாள்:

"அவங்க எச்சி எனக்கொண்ணும் இல்லடி. என் கை பட்டா அப்பறம் அவங்க சாப்பிடுவாங்களா?"

மூன்று மாதமாக அவள் சொன்ன சாக்குகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் உதிர்ந்துபோயின. சாப்பிடுவார்கள் என்று நான் சொல்லி என்ன பயன்? அவள் கண்ணால் பார்க்க வேண்டும். "தொட்டுப் பாரும்மா" என்றேன்.

அம்மா ஒரு ரொட்டியில் சின்ன ஓரத்தைக் கிள்ளினாள். குவியலின் விளிம்பில், எறும்பு எடுக்கும் அளவுக்குத் தொட்டாள். வாயில் வைத்தாள். மென்றாள். அந்தத் துண்டில் மீதி இருந்தது. கடித்த அந்த மீதியை, மூன்று பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடி ஹம்முஸில் முக்கினாள். இந்த முறை நடுவில். தர்ஷினி விட்ட இடத்திலிருந்து கூடத்துக் கூத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். ரீமா கேட்டுக்கொண்டே, பாராமல், அம்மாவின் விரல் பட்ட அதே பள்ளத்தில் தன் ரொட்டியை முக்கி வாயில் போட்டாள். ஹெலனின் கை அடுத்து வந்தது. அம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் பார்ப்பது போலத்தான். ஆனால் இங்கே எந்தக் கையும் ஓயவில்லை.

"உப்புக் கம்மி" என்றாள் என்னிடம், தன்பாட்டில் இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டு. "என்ன சொல்கிறார்?" என்று ரீமா கேட்டாள். மொழிபெயர்த்தேன். ரீமா வாய்விட்டுச் சிரித்து உப்புக் குப்பியை அம்மாவிடமே நீட்டினாள். பொதுக் கிண்ணத்தில் என் அம்மா உப்புப் போட்டாள்.

"மேரி, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். நீ மட்டும் ஏன் நிற்கிறாய்?" என்றார் ஹெலன். அப்போதுதான் கவனித்தேன். ரொட்டித் துணியைக் கையில் பிடித்தபடி அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால், அடுத்த பந்திக்குக் காத்திருப்பவள் போல நின்றுகொண்டிருந்தேன். மேசைக்கு நான்கே நாற்காலிதான், வேறு இல்லை. அம்மா ஒரு பக்கமாக ஒதுங்கி, பாதி இடத்தைத் தட்டிக் காட்டினாள். "உக்காருடி" என்றாள்.

உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இரண்டு பேருக்குப் போதாது. என் உடம்பில் பாதி அம்மாவின் தொடையோடு ஒட்டி வெதுவெதுப்பாக இருந்தது. மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விழாமல் இருக்க வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டேன். அப்படியே, அசையாமல், எனக்கும் ஒரு ரொட்டியைப் பிய்த்தேன்.